‘சாட்டிஸ்ஃபை’: தீர்வது எது, நிறைவது எது?

கேள்வி கேட்டிருப்பவர் தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஓர் இளைஞர். மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பல காலம் வேலை பார்த்த அவருடைய அப்பா வேலையிலிருந்து நின்றபோது, நிர்வாகம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறது. தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. ‘இன்ன தொகையை, இன் ஃபுல் அண்ட் ஃபைனல் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் ஆல் மை க்ளெய்ம்ஸ், பெற்றுக்கொண்டேன்’ என்பது அதன் உயிர்வரி. ‘எனக்குத் திருப்தியே இல்லை, திருப்தி என்று எப்படிக் கையெழுத்துப் போடுவது?’ என்று அப்பா அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் கேட்பது இதுதான்: ‘சாட்டிஸ்ஃபை’ என்ற வினைச்சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள், அதன் பின்னால் வித், பை, தட் ஆகிய மூன்றில் எது எப்போது வரும்? கூடவே இன்னொரு சந்தேகமும் கேட்டிருக்கிறார். தம்முடைய வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வில் சாட்டிஸ்ஃபை யூ இன் ஆல் வேஸ்’ என்று எழுதியதைப் படித்து நண்பர்கள் சிரித்தார்களாம். காரணம் சொல்ல மறுக்கிறார்களாம்.

இலக்கணக் கேள்வியைப் போல எழுதப்பட்டிருந்தாலும், இதன் அடியில் இருப்பது வேறு. அந்தக் கையெழுத்து அப்பாவின் மனத்தைப் பற்றிய வாக்குமூலமா, அவருக்கு வரவேண்டிய பணத்தைப் பற்றிய வாக்குமூலமா என்பதே உண்மையில் கேட்கப்படுவது. ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, பாரிமுனையில் தம்புச் செட்டித் தெரு வக்கீல் அலுவலகங்களுக்குப் பத்திரங்களையும் நீதிமன்றத் தாள்களையும் மொழிபெயர்த்துக் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் நான். ஆகவே சொல்லைப் பற்றி உறுதியாகப் பேச எனக்குத் தகுதி உண்டு. சட்டத்தைப் பற்றிப் பேசும் இடங்களில், வழக்கறிஞர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழகிய மொழிபெயர்ப்பாளனின் பேச்சு என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வரியில் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்பதற்கும் அப்பாவின் மனநிலைக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அவர் முகம் சுளித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாலும், அழுதுகொண்டே போட்டாலும், வரியின் பொருள் மாறாது. சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் என்பதற்குப் பின்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். அது ‘க்ளெய்ம்ஸ்’, அதாவது கோரிக்கைகள், உரிமைக் கேட்புகள். தீர்ந்துபோவதாக அந்தத் தாள் சொல்வது அவற்றைத்தான். ‘இந்தத் தொகையோடு என் பாக்கி எல்லாம் தீர்ந்தது, இனி உங்களிடம் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை’ என்று அப்பா எழுதிக் கொடுப்பதாக ஆகிறது. ‘திருப்தி இல்லை’ என்பதற்காக அவர் கையெழுத்துப் போட மறுத்தது சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டதால்தான். ஆனால் அந்தத் தவறு அவருக்கு நல்லதையே செய்திருக்கிறது. திருப்தி என்பது வெறும் மரியாதைச் சொல் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருபவர்களே அதிகம்.

இந்தக் குழப்பத்துக்கு நம் பள்ளிக்கூடமும் அகராதியும் பொறுப்பு. ‘சாட்டிஸ்ஃபை என்றால் திருப்திப்படுத்து’ என்று ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லாக மனப்பாடம் செய்துவிட்டோம். இரண்டு சொற்களும் வெவ்வேறு வீட்டிலிருந்து வந்தவை. திருப்தி வடமொழியிலிருந்து வந்த சொல். உண்டு நிறைதல், மனம் குளிர்தல் என்பது அதன் அடிப்பொருள். முன்னோருக்கு நீர் இறைத்துச் செய்யும் தர்ப்பணமும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, திருப்தி என்றாலே ஓர் உயிர் இருக்கவேண்டும். அதன் வயிறோ மனமோ நிறையவேண்டும். பத்திரமும் பாக்கியும் திருப்தியடையாது. ஆங்கிலச் சொல் அப்படிப்பட்டதன்று. லத்தீனில் சாடிஸ் என்றால் போதுமான அளவு, ஃபாகெரே என்றால் செய்தல். போதுமானதைச் செய்துவிடுதல் என்பதே அதன் பிறப்புப் பொருள். ரோமானியச் சட்டத்தில் கடன் கொடுத்தவன் ஒப்புக்கொள்ளும்படி ஈடு செய்வதை அது குறித்தது. பிரெஞ்சு வழியாக 15-ஆம் நூற்றாண்டு வாக்கில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும், கடனைக் கட்டுதல், செய்த குற்றத்துக்குப் பரிகாரம் செய்தல் ஆகிய பொருள்களோடுதான் வந்தது. கத்தோலிக்க மறையியலில் பாவத்துக்குச் செய்யும் பரிகாரத்துக்கு இன்றும் இதே சொல்தான். பழைய ஆங்கிலக் கதைகளில் அவமானப்படுத்தப்பட்டவர் வாளை உருவிக்கொண்டு ‘ஐ டிமாண்ட் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்று சொல்வதும் இந்தப் பொருளில்தான். என் மானத்துக்கு ஏற்பட்ட பாக்கியைத் தீர் என்று அவர் கேட்கிறார்.

இந்தக் குடும்பத்துச் சொற்களில் இரண்டை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். சொத்து என்று நாம் சொல்லும் ‘அசெட்’ உண்மையில் லத்தீனின் ‘அட் சாடிஸ்’, அதாவது போதுமான அளவுக்கு, என்ற தொடரின் திரிபு. இறந்துபோனவரின் கடன்களைத் தீர்க்கப் போதுமான உடைமை என்பதே அதன் முதல் பொருள். துயரம் என்ற பொருள் தரும் ‘சேட்’ என்ற சின்னச் சொல்லும் தூரத்து உறவுதான்; பழைய ஆங்கிலத்தில் அதற்கு வயிறு நிறைந்தவன், தெவிட்டியவன் என்று பொருள், பிறகு தெவிட்டல் சோர்வாகி, சோர்வு துயரமாயிற்று. சாட்டிஸ்ஃபேக்‌ஷன் என்று எழுதிய தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் துயரப்படுவதில், சொல்லின் வரலாற்றைப் பொறுத்தவரை, முரண்பாடு ஒன்றும் இல்லை.

திருப்திக்கு மாற்றாக எந்தத் தமிழ்ச் சொல் பொருந்தும் என்றால், என் தொழிலில் எனக்குப் பெரிதும் கைகொடுத்தது ‘தீர்’ என்ற வினைதான். கடன் தீர்கிறது, பசி தீர்கிறது, தாகம் தீர்கிறது, ஐயம் தீர்கிறது, ஆசை தீர்கிறது, வழக்கும் தீர்கிறது. ஆங்கிலத்தில் இந்த வினை எந்தெந்தப் பெயர்ச்சொல்லோடு சேருமோ, ஏறக்குறைய அவற்றோடெல்லாம் தமிழில் தீர் சேரும்: பசியைச் சாட்டிஸ்ஃபை செய்யலாம், ஆவலைச் செய்யலாம், கடனைச் செய்யலாம், தீர்ப்பாணையைச் செய்யலாம். எதிரே ஒரு கேட்பு நின்றுகொண்டிருக்கிறது, அதற்கு வேண்டிய அளவைக் கொடுத்து அதை இல்லாமல் ஆக்குகிறோம். இதுவே இரு மொழிக்கும் பொதுவான கரு. நிபந்தனை, தகுதி, சமன்பாடு போன்றவை எதிரே நிற்கும்போது மட்டும் தீர் உதவாது, ‘நிறைவு செய்’ என்று சொல்லவேண்டும். எக்ஸ் கூட்டல் 3 சமம் 5 என்ற சமன்பாட்டை 2 என்ற எண் நிறைவு செய்கிறது என்று நம் பாடப்புத்தகங்கள் சரியாகவே எழுதுகின்றன. அங்கே யாரும் அந்த 2-க்கு மனநிறைவு உண்டா என்று கேட்பதில்லை. ஆள் செயப்படுபொருளாக வரும்போதுதான் திருப்திக்கும் மனநிறைவுக்கும் இடம். ஆகவே இந்த வினையை எங்கே கண்டாலும் முதலில் பார்க்கவேண்டியது எது தீர்க்கப்படுகிறது அல்லது எது நிறைவு செய்யப்படுகிறது என்பதை. யார் செய்கிறார் என்பது அதற்குப் பிறகு.

நீதிமன்ற வழக்கில் இது பளிச்சென்று தெரியும். பணத்துக்கான தீர்ப்பாணை பெற்றவர் அதை வசூலிக்க நிறைவேற்று மனு போடுவார். பாரிமுனையில் எல்லோரும் ‘ஈ.பி.’ என்பார்கள். கொத்தவால் சாவடிப் பக்கத்து மொத்த வியாபாரி ஒருவர், தமக்கு வரவேண்டிய தொகையில் கணிசமாகக் குறைத்துக்கொண்டு, நீதிமன்றத் தாழ்வாரத்திலேயே எதிராளியோடு பேசி முடித்ததை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். நோட்டுகளை எண்ணி மஞ்சள் பைக்குள் போட்டபடி எதிராளியைத் திட்டிக்கொண்டே இருந்தார். மனுவின் மேலட்டையில் அன்று ஏறிய குறிப்பு: ‘ஃபுல் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ரெக்கார்டட், ஈ.பி. டெர்மினேட்டட்.’ என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவர் கேட்டார். ‘கணக்கு பைசல்’ என்றேன். அதற்குமேல் விளக்கம் அவருக்குத் தேவைப்படவில்லை. 1908-ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 21-ஆம் கட்டளை, 2-ஆம் விதி, நீதிமன்றத்துக்கு வெளியே கொடுக்கப்பட்ட பணத்தை இப்படிப் பதிவு செய்யவேண்டும் என்கிறது; பதிவாகாத பணத்தை, நிறைவேற்றும் நீதிமன்றம் கணக்கில் எடுத்துக்கொள்ளாது. பணம் கட்டியவர்கள் அந்தக் குறிப்பு ஏறிவிட்டதா என்று நச்சரிப்பது அதனால்தான். நிறுவனங்கள் வங்கிக் கடனை அடைத்த பிறகு பதிவாளருக்குக் கொடுக்கும் அறிவிப்பிலும் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப் சார்ஜ்’ என்றே வரும். 2013-ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 82-ஆம் பிரிவு அது. சொத்தின்மேல் இருந்த பொறுப்பு தீர்ந்தது என்று பொருள்.

உங்கள் அப்பாவின் தாளுக்கு இவற்றைவிட நெருக்கமானது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு. தமக்குச் சேரவேண்டியதை ஒருவர் விட்டுக்கொடுக்கலாம், குறைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாகத் தாம் தகுதி என்று கருதும் வேறு ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷனை’ ஏற்றுக்கொள்ளலாம் என்கிறது அது. சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது: ஒருவர் மற்றவருக்கு 5,000 ரூபாய் தரவேண்டும், முழுக்கடனின் சாட்டிஸ்ஃபேக்‌ஷனாக 2,000 ரூபாயைக் கொடுக்க, மற்றவர் ஏற்றுக்கொள்கிறார், முழுக்கடனும் ஒழிந்தது. மீதி 3,000 போனதைப் பற்றி அவர் எவ்வளவு வருந்தினாலும் சட்டத்துக்கு அக்கறையில்லை, அவர் ஏற்றுக்கொண்டாரா என்பது மட்டுமே கேள்வி. இங்கிலாந்தின் பழைய பொதுச்சட்டம் இந்த விஷயத்தில் நேர்மாறாக இருந்தது. 1602-இல் தீர்க்கப்பட்ட பின்னெல் வழக்கு, சிறிய தொகை பெரிய தொகைக்கு ஒருபோதும் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆகாது, ஆனால் ஒரு குதிரையோ பருந்தோ அங்கியோ ஆகலாம் என்றது. பொருளின் மதிப்பைப் பெறுபவர்தானே அறிவார் என்பது அதன் வாதம். ஆங்கிலேயர்தான் நமக்கு எழுதிக் கொடுத்தார்கள், ஆனாலும் இந்தியச் சட்டத்தில் பருந்து தேவைப்படாமல் போயிற்று. தொழிற்சாலை வாசலில் நீட்டப்படும் தாளில் இந்தச் சொல் இவ்வளவு கனமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

இதுவரை சொன்னது சொல்லின் பொருள். அதில் ஐயம் இல்லை. அப்படிக் கையெழுத்திட்டவரை அந்தத் தாள் எல்லாக் காலத்துக்கும் கட்டுப்படுத்துமா என்பது வேறு கேள்வி, அதற்கு ஒரே விடை கிடையாது. 2008-இல் போகாரா பாலிஃபேப் என்ற நிறுவனத்தின் இன்சூரன்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. தாமாக மனமொப்பிப் பேசி முடித்துக் கையெழுத்திட்டால் அத்துடன் விஷயம் முடிந்தது. ஆனால் முன்கூட்டியே அச்சிட்ட தாளில் கையெழுத்துப் போட்டால்தான் பணம் என்று நெருக்கி, பணமுடையால் வேறு வழியின்றிப் போடவைத்தால், அதை உண்மையான ஒப்புதலாகக் கொள்ள முடியாது என்பதே அதன் சாரம். அது நடுவர் தீர்ப்பு தொடர்பான வழக்கு, தொழிலாளர் வழக்கு அன்று. அப்படியே எடுத்து அப்பாவின் தாளில் ஒட்டிவிடக் கூடாது. சட்டமே தரச்சொல்லும் தொகைகளை இப்படி ஒரு வரியால் தீர்த்துவிட முடியுமா என்பதையும், தாளையும் சம்பளச் சீட்டுகளையும் நேரில் பார்க்கும் தொழிலாளர் வழக்கறிஞர்தான் சொல்லவேண்டும். செலவை நினைத்துத் தயங்கவேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவு, இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்களின் வரிசையில் தொழிற்சாலைத் தொழிலாளியைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. அந்த ஆணைக்குழுவின் மாநில அலுவலகம் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து ஒரே பேருந்து.

மொழியின் எல்லைக்குள் நின்று நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்று உண்டு. ‘இன் ஃபுல் அண்ட் ஃபைனல் சாட்டிஸ்ஃபேக்‌ஷன் ஆஃப்’ என்பதற்கும் ‘டுவர்ட்ஸ்’ என்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ‘ரிசீவ்டு டுவர்ட்ஸ் மை டியூஸ்’ என்றால் பாக்கிக்காகப் பெற்றுக்கொண்டேன், அவ்வளவே. பாக்கி தீர்ந்தது என்று அது சொல்வதில்லை. கணக்கில் தகராறு இருந்தால் வரியை இப்படி மாற்றச் சொல்லலாம். மாற்ற மறுத்தால், கையெழுத்துக்கு மேலே தமிழிலேயே ‘என் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்காமல், கணக்கை ஒப்புக்கொள்ளாமல் பெற்றுக்கொள்கிறேன்’ என்று எழுதலாம். அதற்கும் நிர்வாகம் ஒப்பாவிட்டால் வழக்கறிஞரைப் பார்த்த பிறகு கையெழுத்திடலாம். தாளின் ஒரு நகலைக் கையில் வைத்துக்கொள்ளாமல் எதையும் செய்யவேண்டாம்.

இனி இலக்கணம். ‘தட்’ வரும் இடத்தில் இந்த வினை முற்றிலும் வேறு முகம் காட்டும். ‘ஐ ஆம் சாட்டிஸ்ஃபைடு தட்’ என்று தொடங்கினால், ‘எனக்கு ஐயம் தீர்ந்துவிட்டது, இன்னது உண்மை என்று ஏற்கிறேன்’ என்று பொருள். மகிழ்ச்சிக்கு அங்கே இடமில்லை. நம் அரசியலமைப்பின் 356-ஆவது பிரிவில் குடியரசுத் தலைவர் ‘சாட்டிஸ்ஃபைடு’ ஆனால் மாநில ஆட்சியைக் கையில் எடுக்கலாம் என்று இருப்பதும், போதைப்பொருள் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் பிணை தருமுன் நீதிமன்றம் ‘சாட்டிஸ்ஃபைடு’ ஆகவேண்டும் என்று இருப்பதும் இந்தப் பொருளில்தான். வடசென்னையில் இது வெறும் பாடப்புத்தக விஷயமன்று. குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் தமிழ்நாட்டுச் சட்டப்படி ஒருவரைத் தடுத்து வைக்கும் ஆணையில், இன்னாரைத் தடுத்து வைப்பது அவசியம் என்பதில் தாம் சாட்டிஸ்ஃபைடு என்று அதிகாரி எழுதுவார். அதைத் ‘திருப்தியடைந்துள்ளேன்’ என்று தமிழாக்கிய ஒரு தாளைக் கொண்டுவந்து, ‘என் பிள்ளையைப் புழலுக்கு அனுப்பினதுல அவருக்கு இன்னா சார் திருப்தி?’ என்று ஒரு தாய் என்னிடம் கேட்டார். மொழிபெயர்ப்பாளர்கள் பதில் சொல்லவேண்டிய கேள்வி அது. ‘ஐயமற உணர்கிறேன்’ என்றோ ‘தெளிவடைந்துள்ளேன்’ என்றோ எழுதியிருந்தால், ஆணையின் மேல் அவருக்கு இருந்த கோபம் குறைந்திருக்காது, ஆனால் அதிகாரி களிப்போடு கையெழுத்திட்டார் என்ற எண்ணமாவது வந்திருக்காது. இதன் செய்வினை வடிவத்தை அன்றாடத்திலும் பயன்படுத்தலாம்: ‘சாட்டிஸ்ஃபை யுவர்செல்ஃப் தட் தி அமௌன்ட் இஸ் கரெக்ட்’ என்றால், தொகை சரிதானா என்று நீங்களே பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள் என்று பொருள்.

‘வித்’ எளிது. மனநிறைவின் காரணத்தைச் சொல்லும்போது அது வரும்: வேலையில், சேவையில், மதிப்பெண்ணில் நிறைவு. ‘பை’ வருவது எதனால் தீர்க்கப்பட்டது என்று சுட்டும்போது: கடன் இந்தக் காசோலையால் தீர்ந்தது, நிபந்தனை இந்தச் சான்றிதழால் நிறைவேறியது. ஆளுக்கு வித், பொருளுக்கு பை என்று தொடக்கத்தில் வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தவறாது. நம்மவர் செய்யும் தவறு வேறோர் இடத்தில் இருக்கிறது. ‘ஐ சாட்டிஸ்ஃபைடு வித் யுவர் சர்வீஸ்’, ‘ஐ ஆம் சாட்டிஸ்ஃபையிங் வித் திஸ் சேலரி’ என்ற இரண்டும் கடிதங்களில் அடிக்கடி கண்ணில் படுபவை. காரணம் தமிழ் அமைப்பு. ‘எனக்குத் திருப்தி’, ‘நான் திருப்தியடைந்தேன்’ என்று தமிழில் திருப்தி உணர்பவரே எழுவாயாக நிற்பார், அல்லது ‘எனக்கு’ என்று நான்காம் வேற்றுமையில் நிற்பார். ஆங்கில வினையோ வெளியிலிருந்து வந்து ஆளின்மேல் வேலை செய்கிறது; சம்பளம் என்னைச் சாட்டிஸ்ஃபை செய்கிறது. ஆகவே நான் எழுவாயாக வரவேண்டுமானால் ‘ஆம்’ சேர்த்து ‘ஐ ஆம் சாட்டிஸ்ஃபைடு’ என்று செயப்பாட்டு வடிவில்தான் வரமுடியும். ‘சாட்டிஸ்ஃபையிங்’ என்பது நிறைவு தருகிற பொருளுக்கு உரிய அடை: நல்ல சாப்பாடு, முடித்த வேலை. உச்சரிப்பில் அழுத்தம் முதல் அசையான ‘சாட்’ என்பதில் விழவேண்டும். கடைசி ‘ஃபை’யை இழுக்கவேண்டாம்.

‘சாட்டிஸ்ஃபேக்டரி’ என்ற உரிச்சொல்லைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அகராதி ‘திருப்திகரமான’ என்று சொல்லும்; தமிழ்க் காதுக்கு அது பாராட்டு. ஆங்கிலத்தில் அது ‘தேறும்’ என்ற அளவில்தான் நிற்கிறது, போதுமான அளவு என்ற பழைய லத்தீன் கஞ்சத்தனம் அதைவிட்டுப் போகவில்லை. இங்கிலாந்தில் பள்ளிகளை ஆய்வு செய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பு தன் தர வரிசையில் இந்தச் சொல்லை வைத்திருந்து, 2012-இல் அதை எடுத்துவிட்டு ‘முன்னேற்றம் தேவை’ என்று பொருள்படும் தொடரை வைத்தது. உங்கள் அப்பாவின் பணிச் சான்றிதழில் நடத்தை சாட்டிஸ்ஃபேக்டரி என்று போட்டிருந்தால், ‘குட்’ என்று மாற்றிக் கேட்பதில் தவறில்லை.

அருகில் நிற்கும் மற்ற வினைகளை ஓட்டமாகச் சொல்கிறேன். ‘ப்ளீஸ்’ என்றால் மகிழ்வித்தல். போதுமா என்ற அளவுக் கணக்கு அதில் இல்லை. ‘கன்டென்ட்’ என்றால் கிடைத்தது போதும் என்று அடங்குதல். போதுமென்ற மனமே பொன்செய்யும் மருந்து என்கிறோமே, அந்த மனம். ‘சஃபைஸ்’ என்றால் போதுமானதாக இருத்தல், அதற்கு ஆள் வேண்டாம். ‘க்ராட்டிஃபை’ மட்டும் சற்று வழுக்கும் சொல். உள்ளூர இன்பம் தருதல் என்பது அதன் பொருள், ஆனால் நம் நாட்டுச் செய்தித்தாள்களில் ‘இல்லீகல் க்ராட்டிஃபிகேஷன்’ என்றால் லஞ்சம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் பழைய 161-ஆம் பிரிவிலேயே, சட்டப்படியான ஊதியத்துக்கு மேலாகப் பெறும் எதையும் குறிக்க இந்தச் சொல்தான் இருந்தது. 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் வந்தபோது அந்தப் பிரிவு அதற்குள் போயிற்று. நம் ஊர் அலுவலகங்களில் ‘ஏதாவது பார்த்துச் சந்தோஷமா குடுங்க’ என்று கேட்பவர் அறியாமலே சரியான மொழிபெயர்ப்பைச் செய்துகொண்டிருக்கிறார்.

கடைசியாக, நண்பர்கள் சிரித்த வரி. மேலே சொன்ன விதிதான் இங்கும்: வினைக்குப் பின்னால் நிற்பது யார் என்று பாருங்கள். நிபந்தனையோ கோரிக்கையோ வராமல், ஓர் ஆள் நேரடியாக வந்து, அதோடு ‘எல்லா வகையிலும்’ என்றும் சேர்ந்துவிட்டால், ஆங்கிலக் காதுக்கு அது உடலின்பத்தைப் பற்றிய வாக்குறுதியாகக் கேட்கும். வாடிக்கையாளரைச் சாட்டிஸ்ஃபை செய்வது என்று வணிகத்தில் சொல்வதில் பழுதில்லை, ஏனெனில் அங்கே வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்பது தெரிந்ததே. முன்பின் அறியாத மேலாளருக்கு ‘உங்களை’ என்று எழுதும்போதுதான் விபரீதம். விண்ணப்பத்தில் வேலைக்குரிய தகுதிகளைச் செயப்படுபொருளாக வையுங்கள்: ‘ஐ சாட்டிஸ்ஃபை ஆல் தி கண்டிஷன்ஸ் இன் யுவர் அட்வர்டைஸ்மென்ட்’ என்பது முழுக்கச் சரியான வாக்கியம். அலுவலக வழக்கில் இதைவிடப் புழக்கமானது ‘ஐ மீட் ஆல் தி ரிக்வயர்மென்ட்ஸ்’. பணியில் சேர்ந்த பிறகு எப்படி உழைப்பீர்கள் என்று சொல்லவேண்டுமானால் ‘ஐ வில் டூ தி வொர்க் டு யுவர் சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ என்று எழுதலாம். அதில் நிறைவு வேலையைப் பற்றியதாகிவிடுகிறது, சிரிக்க யாருக்கும் எதுவும் கிடைக்காது.